முதல் மாரத்தான்: சென்னையில் ஓட ஆரம்பிப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

ஆடி பிறந்தால் எங்கள் ஓட்டக் குழுவுக்குப் புது முகங்கள் வர ஆரம்பிக்கும். ஜனவரி தொடக்கத்தில் நடக்கும் சென்னை மாரத்தானை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள். ஐ.டி. ஊழியர், வங்கி அதிகாரி, பள்ளி ஆசிரியை, கடை வைத்திருப்பவர், பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகு தனக்கென்று கொஞ்சம் நேரம் கிடைத்த அம்மா. இவர்களில் யாரும் தடகள வீரர்கள் இல்லை. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, பல ஆண்டுகளாக அமெச்சூராக ஓடிக்கொண்டிருப்பவர்கள் சொல்லும் பதில்கள் இவை. மருத்துவம் தொடர்பான இடங்களில் உங்கள் டாக்டர் சொல்வதே இறுதி.

பள்ளிக்கூடத்தோடு ஓட்டத்தை விட்டவன் நான். 42 கிலோமீட்டர் என்னால் முடியுமா?

முடியும். இந்த ஜனவரியிலேயே முடியுமா என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும். இன்றைக்கு நீங்கள் 10 கி.மீ. தூரத்தைச் சிரமமில்லாமல் ஓடுகிறீர்கள் என்றால், 18 முதல் 20 வாரப் பயிற்சி போதும். ஓட்டமே புதிது என்றால் முதல் ஆண்டில் 10 கி.மீ., அடுத்து 21.1 கி.மீ. அரை மாரத்தான், அதற்கும் அடுத்த ஆண்டில் முழு மாரத்தான் என்று போவது நல்லது. சென்னையில் 32 கி.மீ. தூரத்துக்கு, அதாவது 20 மைலுக்கு, தனிப் பிரிவே நடந்திருக்கிறது. அரையிலிருந்து முழுவுக்குத் தாவத் தயங்குகிறவர்களுக்கு அது அருமையான இடைப்படி.

மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே பழகிவிடும். தசைநார்களும் எலும்பும் பழக மாதங்கள் ஆகும். "எனக்கு மூச்சே வாங்கவில்லை, ஏன் தூரத்தைக் கூட்டக் கூடாது?" என்று கேட்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் அடுத்த மாதம் கணுக்காலிலோ முழங்காலிலோ வலி வருகிறது.

வயது ஐம்பதைத் தொடப்போகிறது. தாமதமாகிவிட்டதா?

இல்லை. 2021இல் தமிழக சுகாதாரத் துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன் சாலை விபத்தில் அடிபட்டவர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் ஓடத் தொடங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்திருக்கிறார். பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஃபௌஜா சிங் தன் முதல் மாரத்தானை 2000ஆம் ஆண்டு லண்டனில் ஓடியபோது அவருக்கு வயது 89.

வயது கூடினால் முக்கியமாக மாறுவது ஒன்று: ஓய்வுக்கு அதிக நாள் வேண்டும். இருபத்தைந்து வயதுக்காரர் ஞாயிறு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு செவ்வாயன்று வேகமாக ஓடலாம். ஐம்பதில் அது வியாழக்கிழமை ஆகட்டும்.

ஆரம்பிக்கும் முன் டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உள்ளவர்கள், குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்தவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் சோதனையில் எது தேவை என்று அவர் சொல்வார். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் நீண்ட ஓட்ட நாளில் அளவை எப்படி மாற்றுவது என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பாதி வழியில் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவது உண்மையான ஆபத்து.

மாரத்தானில் யாராவது இறந்தால் அது தலைப்புச் செய்தியாகிறது, வீட்டில் பயப்படுகிறார்கள். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை அரை மாரத்தானும் முழு மாரத்தானும் ஓடிய சுமார் 1.09 கோடி பேரை ஆராய்ந்ததில், 59 பேருக்கு இதயம் நின்றது தெரியவந்தது. அதாவது ஏறக்குறைய 1,84,000 பேருக்கு ஒருவர். மிக அரிது, ஆனால் பூஜ்யம் இல்லை. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், பலருக்கும் முன்பே இதயக் கோளாறு இருந்தது. ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் இருந்தால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். பதக்கம் அடுத்த வருடமும் கிடைக்கும்.

ஓடினால் முட்டி தேய்ந்துவிடும் என்று அப்பா சொல்கிறார்.

எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொழுதுபோக்காக ஓடுபவர்களில் சுமார் 3.5 சதவீதம் பேருக்கு இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் அது 10 சதவீதத்துக்கு மேல். போட்டித் தடகள வீரர்களில் 13 சதவீதம். ஓட்டம்தான் மூட்டைக் காப்பாற்றியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் மூட்டு நன்றாக இருப்பவர்கள்தான் ஓடவும் வருவார்கள். ஆனால் நம்மைப் போன்றவர்கள் ஓடும் அளவு மூட்டை அரைத்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தொடையையும் இடுப்பையும் பலப்படுத்தும் பயிற்சிகளை வாரம் இரண்டு நாள் செய்தால் முட்டிக்குப் பெரிய உதவி. ஸ்குவாட் (பாதி உட்கார்ந்து எழுவது), லஞ்ச் (ஒரு காலை முன்னே வைத்து முட்டியை மடக்கி இறங்குவது), படி ஏறுவது, ஒற்றைக் காலில் நிற்பது ஆகியவை போதும். ஜிம் வேண்டியதில்லை.

வாரத்துக்கு எத்தனை நாள் ஓட வேண்டும்?

நான்கு நாள். இரண்டு நாள் நிதானமான ஓட்டம், ஒரு நாள் கொஞ்சம் வேகம் கலந்தது, ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். மற்ற நாட்களில் இரண்டு பலப் பயிற்சிக்கு, ஒன்று முழு ஓய்வுக்கு. ஆரம்பத்தில் வாரத்துக்கு 25 கி.மீ. இருக்கட்டும். உச்ச வாரங்களில் 50 முதல் 60 வரை போகலாம். தூரத்தை ஒரேயடியாகக் கூட்டாதீர்கள். மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறையுங்கள்.

எந்த வேகத்தில் ஓடுவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள். மெதுவாக ஓடுங்கள். நீங்கள் இப்போது நினைப்பதைவிட மெதுவாக.

புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் தினமும் ஒரே வேகத்தில், கொஞ்சம் மூச்சு வாங்கும் வேகத்தில் ஓடுகிறார்கள். ஓட்டம் என்றால் கஷ்டப்பட வேண்டும் என்று நினைக்கிறார்கள். கடிகாரத்தில் பேஸ், அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம், 7 நிமிடத்தைத் தாண்டினால் வெட்கப்படுகிறார்கள். ஓட்டத்தைப் பதியும் ஆப்பில் நண்பர்கள் பார்ப்பார்களே என்று கடைசி கிலோமீட்டரை இழுத்துப் பிடித்து ஓடுகிறார்கள். அந்த வேகத்தில் மூன்று மாதம் ஓடினால் உடல் சோர்ந்துபோகும், தூரம் கூடாது, காயம்தான் மிஞ்சும்.

சோதனை எளிது. பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? நேற்றைய ஆபீஸ் கதையை மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் சரியான வேகம். "ஆமா", "இல்ல" என்று ஒற்றை வார்த்தையில் பதில் வந்தால் குறையுங்கள். தனியாக ஓடினால் ஒரு பாட்டை முணுமுணுத்துப் பாருங்கள். வாரத்தின் மொத்தத் தூரத்தில் ஐந்தில் நான்கு பங்கு இப்படித்தான் இருக்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. மெதுவாக ஓடும்போது உடல் கொழுப்பை அதிகம் எரிக்கிறது. தசைகளில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தம் அனுப்பப் பழகுகிறது. இவை எல்லாம் மாதக்கணக்கில், சலிப்பூட்டும் காலைகளில், மெல்ல நடக்கும் மாற்றங்கள். 42 கிலோமீட்டரைக் கடக்க உதவுவது அவைதான். எங்கள் குழுவில் அமைதியாக மாரத்தானை முடிப்பவர்களைப் பார்த்தால், பயிற்சியில் யாரும் திரும்பிப் பார்க்காத வேகத்தில் ஓடுபவர்களாகவே இருப்பார்கள்.

ஒரு கணக்கு: கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 49 விநாடி என்று ஓடினால் மாரத்தான் 5 மணி 30 நிமிடத்தில் முடியும். 8 நிமிடம் 32 விநாடி என்றால் 6 மணி நேரம். இரண்டுமே முதல் மாரத்தானுக்கு மரியாதையான நேரங்கள்.

நடந்து நடந்து ஓடலாமா? அது ஏமாற்று இல்லையா?

தாராளமாக நடக்கலாம். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே பல பத்தாண்டுகளாகக் கற்றுக்கொடுத்த முறையே அதுதான். சோர்ந்த பிறகு நடக்காமல், முதல் கிலோமீட்டரிலிருந்தே கணக்கு வைத்து நடப்பது. நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று ஆரம்பிக்கலாம். இதைப் பயிற்சியிலும் செய்து பழக வேண்டும், போட்டி நாளில் புதிதாகச் செய்யக் கூடாது.

சென்னைப் புழுக்கத்தில் எப்படிப் பயிற்சி செய்வது?

பெங்களூரிலோ ஊட்டியிலோ ஓடிவிட்டு வந்தவர்கள் இங்கே முதல் வாரம் திணறிப்போவார்கள். நமக்கு வெயிலைவிட ஈரப்பதம்தான் எதிரி. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை சொட்டுமே தவிர ஆவியாகாது. உடல் சூட்டைத் தணிக்க இதயம் தோலுக்கு ரத்தத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும், கால்களுக்குப் போக வேண்டிய பங்கு குறையும். அதனால் அதே வேகத்துக்குத் துடிப்பு ஏறும். ஆகஸ்டில் உங்கள் பேஸ் மோசமாக இருந்தால் நீங்கள் பின்தங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம் இல்லை. வேகத்தை விட்டுவிடுங்கள், பேச்சுச் சோதனையை வைத்து ஓடுங்கள். டிசம்பரில் காற்று குளிர்ந்ததும் அதே உழைப்புக்குக் கிலோமீட்டருக்கு அரை நிமிடம் வரை தானாகவே குறைவதைப் பலர் பார்த்திருக்கிறோம்.

நாலரை, ஐந்து மணிக்கு ஆரம்பியுங்கள். நீண்ட ஓட்டம் என்றால் இன்னும் முன்னால். பருத்தி பனியன் வேண்டாம், அது வியர்வையில் ஊறித் தோலை உரசும். அக்குள், தொடை இடுக்கு, ஆண்களுக்கு மார்புக் காம்பு, பெண்களுக்கு உள்ளாடைப் பட்டை படும் இடம் எல்லாவற்றிலும் வாஸ்லின் தடவுங்கள். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிட்டால் 25 கிலோமீட்டருக்கு மேல் ரத்தம் கசியும், குளிக்கும்போது அலற வேண்டிவரும்.

அப்புறம் மழைக்காலம்?

நம் நகரத்தின் தனிப் பிரச்சினை இது. ஜனவரி மாரத்தானுக்கு உச்சப் பயிற்சி நவம்பரிலும் டிசம்பரிலும் வருகிறது, அப்போதுதான் வடகிழக்குப் பருவமழையும். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் வீட்டைவிட்டு வெளியே வரவே முடியவில்லை, ஓட்டத்தை யார் நினைப்பார்கள்? அந்த மாதிரி ஒரு வாரம், பத்து நாள் போனால் போகட்டும். விட்ட கிலோமீட்டரை அடுத்த வாரத்தில் சேர்த்து ஓட நினைக்காதீர்கள்.

தூறலில் ஓடலாம், அது சுகம்கூட. தண்ணீர் தேங்கிய தெருவில் வேண்டாம். திறந்த மேன்ஹோலும் அறுந்த மின்கம்பியும் தெரியாது. அடுக்குமாடிக் கட்டட வாகன நிறுத்துமிடத்தில் சுற்றிச் சுற்றி ஓடுபவர்கள் உண்டு, படி ஏறி இறங்குபவர்கள் உண்டு. நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து வைத்தால் மறுநாளைக்கு ஓரளவு காய்ந்துவிடும்.

மழை விட்டு மார்கழி பிறந்ததும் நிலைமை மாறும். விடியலுக்கு முன்பே கோயில்களில் திருப்பாவை ஒலிக்கும், மயிலாப்பூர்த் தெருக்களில் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள், ஓரமாக ஒதுங்கி ஓட வேண்டும். சென்னையில் ஓடுவதற்கு இதைவிட நல்ல மாதம் இல்லை.

எங்கே ஓடுவது? நாய்கள் துரத்துகின்றனவே?

மெரினா காமராஜர் சாலை, பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை, அண்ணா நகர் டவர் பூங்காவைச் சுற்றிய தெருக்கள். பெசன்ட் நகரில் 2023 நவம்பரில் தொடங்கிய "நடப்போம் நலம் பெறுவோம்" 8 கி.மீ. நடைபாதையும் இருக்கிறது. நீண்ட ஓட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை. அங்கே வண்டிகள் வேகமாக வரும், எதிர்த்திசையில் ஓடுங்கள், ஒளிரும் பட்டை போட்ட சட்டை அணியுங்கள், இரண்டு காதிலும் பாட்டு வேண்டாம்.

நாய் குரைத்தால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். ஓடினால்தான் துரத்தும். முதுகைக் காட்டாதீர்கள், கண்ணோடு கண் பார்க்காதீர்கள், மெதுவாகக் கடந்து போங்கள். கடித்துவிட்டால், கீறல்தான் என்றாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசி போட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுகிறார்கள். ரேபிஸ் வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை, அதனால் இதில் அலட்சியம் கூடவே கூடாது.

பெண்கள் தனியாக ஓடலாமா? வீட்டில் "உனக்கு எதுக்கு இது" என்கிறார்கள்.

பெண்களின் உடல் மாரத்தானைத் தாங்காது என்று விளையாட்டு அதிகாரிகளே ஒரு காலத்தில் நம்பினார்கள். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் சேர்க்கப்பட்டதே 1984 லாஸ் ஏஞ்சலஸில்தான். அதில் வென்ற ஜோன் பெனாய்ட்டின் நேரம் 2 மணி 24 நிமிடம் 52 விநாடி. அந்த நம்பிக்கை அங்கே முடிந்துவிட்டது. நம் வீடுகளில் முடிய இன்னும் கொஞ்சம் காலமாகும். உங்கள் மாமியாரை ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு அழைத்து வாருங்கள், அங்கே சேலையோடு வேகநடை போடும் அறுபது வயதுப் பெண்களை அவர் பார்க்கட்டும்.

இருட்டில் தனியாக வேண்டாம், குழுவோடு சேருங்கள். இது நியாயமில்லைதான், ஆனாலும் சொல்கிறோம். கழிப்பறை உண்மையான பிரச்சினை, நீண்ட ஓட்டத்தின் வழியைத் திட்டமிடும்போதே பெட்ரோல் பங்க் எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். மாதவிடாய் நாட்களில் முடிந்தால் ஓடுங்கள், முடியாவிட்டால் விடுங்கள், இரண்டும் சரி. நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா ஷூவைப் போலவே முக்கியம். ஓய்வெடுத்தும் சோர்வு தீரவில்லை என்றால் ஹீமோகுளோபினைச் சோதித்துப் பாருங்கள். ரத்தசோகை நம் பெண்களிடம் மிகவும் அதிகம், அதோடு மாரத்தான் பயிற்சி செய்வது உடலை வதைப்பது.

எந்த ஷூ வாங்குவது?

போட்டு நடந்தாலே இதமாக இருப்பது. கால் பெருவிரலுக்கு முன் கைக் கட்டைவிரல் அகல இடம் இருக்க வேண்டும், ஓட ஓடக் கால் வீங்கும். 500 முதல் 800 கி.மீ. வரை உழைக்கும். கார்பன் தகடு வைத்த விலையுயர்ந்த ஷூக்கள் முதல் மாரத்தானுக்குத் தேவையில்லை.

என்ன சாப்பிட வேண்டும்?

நம் சாப்பாடே மாரத்தானுக்கு ஏற்றது. இட்லி, பொங்கல், சோறு எல்லாம் மாவுச்சத்துதான். குறைவது புரதம். பருப்பு, முட்டை, மீன், தயிர், சுண்டல் ஆகியவற்றைக் கூட்டுங்கள். உடல் எடையைக் குறைக்கச் சோற்றை நிறுத்திவிட்டு, கூடவே மாரத்தான் பயிற்சியும் செய்கிறேன் என்று சிலர் வருகிறார்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்யாதீர்கள்.

ஓட்டத்தின் நடுவில் ஏன் சாப்பிட வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகிறது. 65 கிலோ எடையுள்ளவருக்கு 42 கிலோமீட்டருக்கு 2,700 கலோரிக்கும் மேல். தசையிலும் கல்லீரலிலும் மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் உடல் சேமித்திருப்பது சுமார் 2,000 கலோரி. கொழுப்பும் கூடவே எரியும், ஆனால் வேகம் கூடக் கூட உடல் கிளைக்கோஜனைத்தான் அதிகம் கேட்கும். அதனால்தான் முன்பாதியில் வேகமாக ஓடியவர்கள் 30, 32 கிலோமீட்டருக்கு மேல் திடீரென்று காலைத் தூக்கவே முடியாமல் நிற்கிறார்கள். ஓட்டக்காரர்கள் "சுவரில் மோதிட்டேன்" என்று சொல்வது இதைத்தான்.

அதைத் தள்ளிப்போட மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம், ஓட்டக்காரர்கள் உறிஞ்சும் பாகு போன்ற ஜெல் பாக்கெட் ஒன்றிலும் கிட்டத்தட்ட அதே அளவு. பேரீச்சம்பழம், வெல்லம், உப்புப் போட்ட உருளைக்கிழங்கு எல்லாம் நம் ஆட்கள் எடுத்துப்போகிறார்கள். கடலை மிட்டாயில் கொழுப்பு அதிகம், ஓடும்போது சிலருக்கு வயிற்றில் நிற்காது. எதுவானாலும் நீண்ட ஓட்டங்களில் சாப்பிட்டுப் பழகியதை மட்டுமே மாரத்தானில் சாப்பிடுங்கள். பசிக்கும்வரை காத்திருக்காமல் முதல் 40 நிமிடத்திலேயே ஆரம்பியுங்கள்.

கடைசி இரண்டு நாள் சோறு, இட்லி, தயிர்சாதம் என்று எளிமையாக இருக்கட்டும். முந்தைய இரவு பிரியாணி, ஹோட்டல் சாப்பாடு, புதிதாக எதுவும் வேண்டாம்.

தண்ணீர் எவ்வளவு குடிப்பது?

தாகத்துக்கு ஏற்ப. கண்ட இடத்தில் எல்லாம் குடிக்காதீர்கள். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பம், வாந்தி, வலிப்பு வரை போகலாம், உயிரும் போயிருக்கிறது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் பரிசோதித்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. மெதுவாக ஓடுபவர்கள் அதிக நேரம் ஓடுவதால், அதிகம் குடிக்கவும் வாய்ப்பு. நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். எடை கூடியிருந்தால் அதிகம் குடித்துவிட்டீர்கள்.

நம் ஊரில் வியர்வையோடு உப்பும் நிறையப் போகும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுப்படி கலந்து எடுத்துச் செல்லுங்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துக் குடிக்கலாம். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் உப்பு விஷயத்தில் டாக்டரைக் கேளுங்கள்.

பயிற்சியில் 42 கி.மீ. ஓடிப் பார்க்க வேண்டாமா?

வேண்டாம். 30 முதல் 32 வரை, அதுவும் இரண்டு மூன்று முறை போதும். அதற்கு மேல் ஓடினால் கிடைக்கும் பலனைவிட, தேறி வர ஆகும் நாட்கள் அதிகம். கடைசி நீண்ட ஓட்டம் மாரத்தானுக்கு மூன்று வாரம் முன்னால். அப்புறம் தூரத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், அதுதான் டேப்பர். அந்த நாட்களில் இல்லாத வலியெல்லாம் இருப்பதுபோல் தோன்றும், "ஒரு 25 ஓடிப் பார்த்துடலாமா" என்று கை பரபரக்கும். எல்லோருக்கும் அப்படித்தான். தூங்குங்கள்.

வலி வந்தால்?

இரண்டு காலிலும் பரவலாக, தசையில் வலி என்றால் பயிற்சியின் வலி, இரண்டு நாளில் போகும். ஒரு காலில், ஒரே புள்ளியில், ஓட ஓடக் கூடும் வலி என்றால் நிறுத்த வேண்டிய வலி. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகால் சுளீர் என்கிறதா, முழங்காலின் வெளிப்பக்கம் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் பிடிக்கிறதா, கணுக்காலுக்கு மேல் எலும்பைத் தொட்டாலே வலிக்கிறதா? பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். கடைசியில் சொன்னது எலும்பில் விரிசலாக இருக்கலாம். வலிமாத்திரை போட்டுக்கொண்டு மாரத்தான் ஓடாதீர்கள். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை உடலில் நீர் வற்றிய நேரத்தில் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

குடும்பத்தை எப்படிச் சமாளிப்பது?

சமாளிக்க நினைக்காதீர்கள், பதிவு செய்யும் முன்பே உட்கார்ந்து பேசுங்கள். ஐந்து மாதம் சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குத் தூங்கப் போவீர்கள். ஞாயிறு காலை வீட்டில் இருக்க மாட்டீர்கள், மதியம் இருந்தும் இல்லாத மாதிரி அசந்து கிடப்பீர்கள். கல்யாண வரவேற்புகள் தவறும். அந்தச் சுமை உங்கள் மனைவியின் மேலோ கணவரின் மேலோதான் விழுகிறது. அவருக்கும் வாரத்தில் அதே அளவு நேரத்தை ஒதுக்கிக் கொடுங்கள். எங்கள் குழுவில் நீடித்து ஓடும் தம்பதிகள் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள்.

மாரத்தான் நாள் எப்படி இருக்கும்?

முந்தைய இரவு தூக்கம் வராது. பரவாயில்லை, அதற்கு முந்தைய இரவின் தூக்கம்தான் கணக்கு. பிப் எனப்படும் போட்டி எண் தாளைச் சட்டையில் குத்தி, நேரம் பதியும் சிப் அதில் இருக்கிறதா என்று பார்த்து, எல்லாவற்றையும் நாற்காலியில் எடுத்து வையுங்கள். ஓட்டம் தொடங்குவதற்கு இரண்டு, இரண்டரை மணி நேரம் முன்பு இட்லியோ வாழைப்பழமோ பிரெட்டும் ஜாமுமோ சாப்பிடுங்கள்.

அண்மை ஆண்டுகளில் முழு மாரத்தான் நேப்பியர் பாலம் அருகே விடியலுக்கு வெகுமுன்பே தொடங்கி, கடலை ஒட்டித் தெற்கே போய், உத்தண்டி பக்கம் முடிந்திருக்கிறது. பாதையும் நேரமும் மாறக்கூடும், பதிவு செய்தபின் வரும் அறிவிப்பைப் பாருங்கள். ஜனவரியில் சூரியன் ஆறரைக்கு உதிக்கும். ஐந்தரை மணி நேரத்தில் முடிப்பவர் கடைசி மூன்று மணி நேரத்தை வெளிச்சத்தில் ஓட வேண்டும். ஒரு தொப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் 10 கிலோமீட்டர்தான் ஆபத்தானது. விளக்கு, மேளம், கூட்டம், மாதக்கணக்கில் காத்திருந்த கால்கள் எல்லாம் சேர்ந்து இழுக்கும். எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள். போகட்டும். 32இல் அவர்களில் பலரை மீண்டும் பார்ப்பீர்கள். முடிக்கும் நேரத்தை எழுதிய கொடியோடு, அதற்கேற்ற சீரான வேகத்தில் ஓடும் வழிகாட்டிகளான பேசர்கள் (pacers) இருப்பார்கள், உங்கள் இலக்கைவிடக் கொஞ்சம் மெதுவான பேசரோடு சேர்ந்து ஆரம்பியுங்கள்.

21 வரை பேச்சும் சிரிப்புமாகப் போகும். 25க்கு மேல் குழுக்கள் கலையும். 30இலிருந்து ஒவ்வொருவரும் தனியாள். தொடை கல்லாகும், வெயில் முகத்தில் அடிக்கும், "இதை ஏன் ஆரம்பித்தோம்" என்ற கேள்வி வரும். அப்போது மீதி 12 கிலோமீட்டரை நினைக்காதீர்கள். அடுத்த தண்ணீர் மேசைவரை போங்கள், தலையில் தண்ணீர் ஊற்றுங்கள், ஒரு வாய் சாப்பிடுங்கள், பத்து அடி நடங்கள், பிறகு அடுத்த மேசை. சாலையோரத்தில் முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் பிப்பில் இருக்கும் பெயரைப் படித்துக் கூப்பிட்டு "இன்னும் கொஞ்சம்தான், போங்க" என்பார். அதற்குக் கண் கலங்குவது வழக்கம்தான்.

குளிர் எடுப்பது, வியர்வை நின்றுபோவது, நேராக நடக்க முடியாமல் தள்ளாடுவது, எங்கே இருக்கிறோம் என்று குழம்புவது ஆகியவை வெப்பத் தாக்கத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். வியர்த்துக்கொண்டிருக்கும்போதும் அது வரும். உடனே நின்று மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். பக்கத்தில் யாராவது அப்படி இருந்தால் உங்கள் நேரத்தை மறந்துவிட்டு அவரோடு நில்லுங்கள்.

கட்-ஆஃப் நேரத்துக்குள் முடிக்காவிட்டால்?

ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு நேரம் இருக்கும், அதற்குப் பிறகு சாலையை வண்டிகளுக்குத் திறந்துவிடுவார்கள். பதிவு செய்யும் முன் அதைப் பாருங்கள். உங்கள் 32 கி.மீ. பயிற்சி ஓட்டம் நான்கரை மணி நேரத்தைத் தாண்டினால், ஓட்டமும் நடையும் கணக்கைச் சரிசெய்யுங்கள், அல்லது இந்த ஆண்டு 20 மைல் பிரிவில் ஓடுங்கள். அவசரமே இல்லாத சூழல் வேண்டும் என்றால், பிப்ரவரியில் ஆரோவில்லில் செம்மண் பாதையில் நடக்கும் மாரத்தான் இருக்கிறது. அங்கே பரிசைவிட ஓட்டத்தின் மகிழ்ச்சிக்குத்தான் மதிப்பு.

முடித்த பிறகு?

உடனே உட்காராதீர்கள், பத்து நிமிடம் நடங்கள். அரை மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிடுங்கள். இரண்டு நாளைக்குப் படி இறங்குவது ஏறுவதைவிடக் கடினமாக இருக்கும், கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கால் நகம் கறுத்திருந்தால் பிய்க்க வேண்டாம், தானாக விழுந்து புது நகம் வரும். சிறுநீர் காபி நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் ஆபத்து அது.

ஒரு வாரம் கழித்துச் சிலருக்கு இனம் புரியாத வெறுமை வரும். மாதக்கணக்கில் இருந்த இலக்கு இல்லாமல் போனதால் வருவது அது. அந்த வாரமும் ஞாயிறு காலை குழு கூடும் இடத்துக்கு வாருங்கள். ஓடாவிட்டாலும் பரவாயில்லை, டீ குடிக்க வாருங்கள்.

அடுத்த மாரத்தானுக்கு எப்போது பதியலாம்?

இரண்டு வாரம் ஓட்டமே வேண்டாம், நடையும் நீச்சலும் போதும். அடுத்த ஒரு மாதம் மனம் போனபடி சின்னச் சின்ன ஓட்டங்கள். ஆண்டுக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு முழு மாரத்தான் போதும் என்பது எங்கள் கருத்து. ஜூலையில் சென்னையில் ட்ரீம் ரன்னர்ஸ் என்ற ஓட்டக் குழு நடத்தும் அரை மாரத்தான் இருக்கிறது, அதில் சேரும் தொகை செயற்கைக் கால் தேவைப்படுபவர்களுக்குப் போகிறது. முழு மாரத்தான் முடித்த கால்களோடு அதில் ஓடிவிட்டு, அந்த மாதமே அடுத்த ஜனவரிக்கான பயிற்சியை ஆரம்பிக்கலாம்.